லிங்க் க்வெரி நடை: பல வருடங்கள் பயன்படுத்திய பிறகு

மைக்ரோசாஃப்டின் சி ஷார்ப் நிரலாக்க மொழியின் 3.0 பதிப்போடு, தரவுகளைத் தேடவும் வடிகட்டவும் உதவும் லிங்க் (LINQ) 2007-இல் வந்தது. தரவுத்தள மொழியான எஸ்.க்யூ.எல் சாயலில் ‘ஃப்ரம், வேர், செலக்ட்’ என்று எழுதும் அதன் க்வெரி நடையைப் பல வருடங்களாக அன்றாட வேலையில் பயன்படுத்துகிறேன். இன்றும் பிடித்திருக்கிறது. நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் அதை என்ன செய்கிறது என்பதில் ஒளிவுமறைவே கிடையாது, அதுதான் காரணம்.

டைப் (தரவு வகை) சரிபார்ப்புக்குப் போகும் முன்பே க்வெரி வரிகள் மெதட் (பெயரிட்ட செயல்பாடு) அழைப்புகளாகிவிடும். ‘வேர்’ என்றால் அதே பெயரில் ஒரு மெதட், நிபந்தனை அதற்குள் லாம்ப்டாவாக, அதாவது பெயரில்லாத சிறு செயல்பாடாக. இரண்டாவது ‘ஃப்ரம்’ வந்தால் செலக்ட்மெனி என்ற மெதட். அப்படியொரு மெதட் பொருந்தி வருகிறதா என்பது மட்டுமே பிறகு கேள்வி. அதனால் நாமே எழுதிய டைப்பிலும் இந்த நடை ஓடும். விடையோ பிழையோ ஒன்றை மட்டும் சுமக்கும் ஒரு ரிசல்ட் டைப்புக்கு செலக்டும் செலக்ட்மெனியும் எழுதி வைத்தேன். எந்த இன்டர்ஃபேஸும் (ஒரு டைப்பில் என்னென்ன மெதட் இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தம்) தேவைப்படவில்லை. அடுக்கடுக்கான ‘இஃப்’ சோதனைகள் நாலைந்து ‘ஃப்ரம்’ வரிகளில் அடங்கிவிட்டன.

எனக்கு அதிகம் கைகொடுப்பது, க்வெரியின் நடுவே ஒரு மதிப்புக்குப் பெயர் வைக்கும் ‘லெட்’. அதை எழுதினால் கம்பைலர் ஒரு செலக்ட் அழைப்பைச் சேர்த்து, பழைய மாறியையும் புதியதையும் ஓர் அனானிமஸ் (பெயரில்லாத) டைப்பில் மூட்டை கட்டி அடுத்த அழைப்புக்கு அனுப்புகிறது. கம்பைல் ஆனதை மீண்டும் நிரலாக்கிப் பார்த்தால் (டீகம்பைல் செய்தால்) ‘டிரான்ஸ்பரன்ட் ஐடென்டிஃபையர்’ என்ற பெயரில் அது கண்ணில் படும். கையால் எழுதினால் ஒவ்வொரு லாம்ப்டாவிலும் அந்த மூட்டையை நாமே பிரிக்க வேண்டும். கூடவே, பட்டியல்களை இணைக்கும் ஜாயின் இரண்டு சேர்ந்தால் படிக்கவே முடியாது. ஆனால் இது சும்மா வருவதில்லை. மெமரியிலுள்ள லிஸ்ட் மீது ஓடும்போது ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு சின்ன ஆப்ஜெக்ட் உருவாகும். வேகம் முக்கியமான இடத்தில் சாதாரண லூப்தான் எழுதுகிறேன்.

வரிசைப்படுத்தும் ‘ஆர்டர்பை’ விஷயத்தில் கவனம் தேவை. காற்புள்ளி போட்டு இரண்டு புலங்கள் கொடுத்தால் முதல் புலத்துக்கு ஆர்டர்பை, அடுத்ததற்கு இரண்டாம் நிலை வரிசைக்கான தென்பை. அதையே இரண்டு தனி வரிகளாக எழுதினால் இரண்டும் ஆர்டர்பை அழைப்புகளே. கடைசியாக எழுதியதுதான் முதன்மை வரிசை. கோட் ரிவ்யூவில் இதைத் தேடியே பார்ப்பேன்.

இன்னொரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். ‘வேர்’ வரிக்குப் பின் மாறியை அப்படியே செலக்ட் செய்தால், அந்த செலக்டைக் கம்பைலர் விட்டுவிடும். ‘ஃப்ரம்’, ‘செலக்ட்’ இரண்டு மட்டும் இருந்தால் விடாது. மூல லிஸ்டே நேராக வெளியே போய்விடக் கூடாதல்லவா.

குறை என்றால், டேக் (முதல் சிலவற்றை எடுப்பது), ஸ்கிப் (முதல் சிலவற்றைத் தாண்டுவது), டிஸ்டிங்க்ட் (திரும்ப வருவதை நீக்குவது) எதற்கும் சி ஷார்ப்பில் க்வெரி சொல் இல்லை. விஷுவல் பேசிக்கில் உண்டு. இங்கே முழு க்வெரியையும் அடைப்புக்குறிக்குள் போட்டுப் புள்ளி வைக்க வேண்டியிருக்கிறது, பார்க்க நன்றாக இல்லை. அதனால் ஒற்றை வடிகட்டலுக்கு, மெதட்டைப் புள்ளி வைத்து நேராக அழைக்கும் மெதட் நடை. ஜாயின், லெட், பல ஃப்ரம் என்று வந்தால் க்வெரி நடை.