ரிகர்வ் வில்லுக்கு ஆன்லைன்ல அம்பு ஆர்டர் போடுறவங்க கவனம்

மிச்சிகன் பக்கம் ரிகர்வ் (முனை ரெண்டும் முன்னாடி வளைஞ்ச வில்), லாங்போ (நீளமான பழைய பாணி வில்) வச்சு மான் வேட்டைக்குப் போற நம்மாளுங்க யாராச்சும் இருந்தா இது உங்களுக்குத்தான். ஆன்லைன்ல அம்பு செஞ்சு விக்கிற ஒருத்தர்கிட்ட ஒரு டஜன் ஆர்டர் போட்டேன், பேரு வேணாம். 5 இன்ச் இறகு, ஷீல்டு கட் (கேடய வடிவ வெட்டு), மூணும் ரைட் விங் (வலது றெக்கை இறகு), ஹெலிகலா (அம்பைச் சுத்தி லேசா வளைச்சு) ஒட்டணும்னு தெளிவா மெயில்ல எழுதி காசும் முழுசா கட்டியாச்சு. வந்தது 4 இன்ச், அதுவும் நேரா ஒட்டினது.

கேட்டா 4 இன்ச்சே தாராளம், ஸ்பீடு கூடும்னு பதில் வருது. 4 இன்ச் ஆகவே ஆகாதுன்னு நான் சொல்லல, ஷாஃப்ட் ஸ்பைன் (அம்புத் தண்டோட விறைப்பு) வில்லுக்குப் பொருந்தி, பேர் ஷாஃப்ட்ல (இறகு ஒட்டாத தண்டை அடிச்சுப் பாத்து) ட்யூன் பண்ணி நாலு இறகா ஒட்டினா அது நல்லாவே போகும். ஆனா மூணே இறகு, நேர் ஒட்டு, முன்னாடி அகலமான ரெண்டு பிளேடு பிராட்ஹெட்டுன்னா (வேட்டைக்கு மாட்டுற முனை) கதை வேற. அந்த பிளேடே காத்தைப் பிடிச்சு அம்பை இழுத்துட்டுப் போகப் பாக்கும், அதை அடக்குற அளவுக்குப் பின்னாடி இறகு பெருசா இருக்கணும், அம்பைச் சுத்தவும் வைக்கணும், அதுக்குத்தான் 5, 5.5 இன்ச்னு போறது. ஃபீல்டு பாயிண்ட் (பிளேடு இல்லாத பயிற்சி முனை) போட்டு அடிச்சவரைக்கும் ஒழுங்கா போச்சு, பிராட்ஹெட் மாட்டினதும் 20 கெஜத்துலயே ஒண்ணு இடது பக்கம் ஒண்ணு மேலன்னு திசைக்கு ஒண்ணா போகுது.

இதைவிடக் கொடுமை, சில அம்புல லெஃப்ட் விங்கும் ரைட் விங்கும் கலந்து ஒட்டியிருக்கு. வான்கோழியோட ரெண்டு றெக்கை இறகும் எதிரெதிரா வளையும், ஒரே அம்புல கலந்தா ஒண்ணு சுத்தப் பாக்கும் இன்னொண்ணு தடுக்கும். சாயம் போட்ட இறகுங்கிறதால சட்டுனு கண்ணுல படல. நாக் (நாண்ல மாட்டுற பின்முனை) பக்கத்துலேர்ந்து கண்ணுகிட்ட வச்சுப் பாருங்க, ரெண்டு ஒரு பக்கம் சாயும், மூணாவது எதிர்ப்பக்கம் சாஞ்சு நிக்கும்.

இறகோட முன்பக்கத் தண்டையும் சீவல, ஒரு சொட்டு பசை வச்சு மூடவும் இல்ல. ஷெல்ஃப்ல (வில்லோட கைப்பிடிக்கு மேல அம்பு வைக்கிற இடம்) வச்சு அடிக்கிறப்ப வில்லு பிடிச்ச கையில ஆள்காட்டி விரல் மேல கிழிச்சிட்டுப் போயிருச்சு, ரத்தம்.

இதுக்கெல்லாம் தீர்வா அவர் சொன்னது என்ன தெரியுமா, இறகுக்குப் பதிலா பிளாஸ்டிக் வேன் (பிளாஸ்டிக்ல செஞ்ச இறகு) ஒட்டித் தர்றாராம்! ஷெல்ஃப்ல உரசினா இறகு மடங்கி நிமிரும், பிளாஸ்டிக் மடங்காம அம்பையே தள்ளி விட்டுடும், இதுகூடத் தெரியாம ட்ரெடிஷனல் ஸ்பெஷலிஸ்ட்னு போர்டு வேற.

கஸ்டம் ஆர்டர், ரிட்டர்ன் கிடையாதுங்கிறார். கஸ்டம்னா நான் கேட்டதைத் தரணும்ல? என் மெயிலையும் இறகு பக்கத்துல ஸ்கேல் வச்சு எடுத்த போட்டோவையும் சேர்த்து கார்டு கம்பெனியில டிஸ்ப்யூட் போட்டாச்சு. அக்டோபர் 1 சீசன் ஓபனிங், அதுக்குள்ள எல்லாத்தையும் உரிச்சு நானே ஒட்டணும். நீங்க ஆர்டர் போட்டா பார்சல் அனுப்புறதுக்கு முன்னாடியே நாக் பக்கத்துலேர்ந்து எடுத்த போட்டோவும் ஸ்கேல் வச்ச போட்டோவும் கேளுங்க, தரமாட்டேன்னா காசு கட்டாதீங்க.