ஆண்டு இறுதிச் சம்பளக் கணக்கு: எக்செல் போதுமா, மென்பொருள் வேண்டுமா, ஆடிட்டரிடம் விடலாமா?

கோவை கணபதியில் 22 பேர் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறையை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். அங்கே வருமான வரி பிடிக்க வேண்டிய அளவுக்குச் சம்பளம் வாங்குபவர்கள் மூன்று பேர்தான், மற்றவர்களுக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), தொழில் வரி ஆகியவை மட்டுமே பிடிக்கப்படுகின்றன. இத்தகைய நிறுவனத்தின் முதலாளி ஆண்டுதோறும் பிப்ரவரி பிறந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றே: இந்த வேலையை நாமே எக்செல்லில் முடித்துவிடலாமா, மென்பொருள் வாங்கலாமா, மொத்தமாக ஆடிட்டர் அலுவலகத்திடம் ஒப்படைத்துவிடலாமா? இந்த மூன்று வழிகளிலும் நான் கணக்கு முடித்திருக்கிறேன். பெரும்பாலோர் செலவைப் பார்த்தும், மே மாதத்தில் படிவத்தை யார் தாக்கல் செய்வார் என்பதைப் பார்த்தும் முடிவெடுக்கிறார்கள். ஜனவரி மாதத்திலேயே ஊழியரை உட்காரவைத்து வாடகை, முதலீடு போன்றவற்றுக்கான சான்றுகளைக் கேட்டு வாங்குபவர் யார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கீழே சொல்லும் ஒவ்வொரு வழியையும் அந்த அளவுகோலால்தான் நிறுத்துப் பார்க்கிறேன்.

முதலில் வேலையின் அளவைச் சொல்லிவிடுகிறேன். இங்கே சொல்வது 2025–26 நிதியாண்டின் கணக்கை; 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ் வரும் கடைசி ஆண்டு அது. மற்ற மாதங்களில் பிடித்த வரியை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும்; மார்ச் மாதச் சம்பளத்தில் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு. சம்பளத்தில் பிடித்த வரியைக் காலாண்டுதோறும் வரித்துறைக்குத் தெரிவிக்கும் படிவம் 24க்யூ, நான்காம் காலாண்டுக்கு மே 31-க்குள் போய்ச் சேர வேண்டும். முதல் மூன்று காலாண்டுகளில் இல்லாத இரண்டாம் இணைப்பு இதில் உண்டு. ஒவ்வோர் ஊழியரின் ஆண்டு முழுவதற்குமான சம்பளம், விலக்குகள், கழிவுகள், வரி எல்லாம் அதில்தான் பதிவாகின்றன. அதிலிருந்துதான் ஊழியருக்கு நிறுவனம் தரும் வரிப்பிடித்தச் சான்றான படிவம் 16-இன் இரண்டாம் பகுதி உருவாகிறது. அதை வரித்துறையின் டிரேசஸ் இணையதளத்திலிருந்து பதிவிறக்கி ஜூன் 15-க்குள் ஊழியரிடம் கொடுக்க வேண்டும். படிவம் தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் வீதம், பிடித்த வரித் தொகையை எட்டும் வரை கட்டணம் ஏறும். பிடித்த வரியைக் கட்டாமல் வைத்திருந்தால் மாதத்துக்கு 1.5 சதவீதம் வட்டி. மார்ச் மாத பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகைகள் ஏப்ரல் 15-க்குள் கட்டப்பட வேண்டும் என்பது வழக்கமான மாதாந்திர வேலைதான்.

எக்செல் வழியை எளிதில் ஒதுக்கிவிட மாட்டேன். பத்துப் பேருக்கும் குறைவான நிறுவனத்தில், சம்பளம் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருக்குமானால், அது தாங்கும். படிவம் தயாரிக்க ஆர்.பி.யு. என்ற கருவி இலவசமாகவே கிடைக்கிறது. சலான் விவரம் அடங்கிய சி.எஸ்.ஐ. கோப்பை வருமான வரித் தளத்திலிருந்து எடுத்து, சரிபார்ப்புக் கருவியில் ஓட்டிப் பிழையில்லை என்று வந்தால் தாக்கல் செய்துவிடலாம். பட்டறையின் கணக்கெழுதும் பெண் ஊழியர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் தூரத்தில் இருப்பதால், ஜனவரியில் கேட்க வேண்டியதைக் கேட்பதும் இந்த வழியில் இயல்பாகவே நடக்கிறது. இது சிறிய நன்மை அல்ல.

ஆனால் எக்செல் தாளுக்குச் சட்டம் தெரியாது. அதை உருவாக்கியவருக்குத் தெரிந்த அளவே தெரியும். ஓர் உதாரணத்தை ரூபாய்க் கணக்கோடு பார்ப்போம். வடிவமைப்புப் பொறியாளர் ஒருவருக்கு மாதம் 1,04,000 ரூபாய், ஆண்டுக்கு 12,48,000. கழிவுகள் குறைவாகவும் விகிதங்கள் தாழ்வாகவும் உள்ள புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக 11,73,000 வரிக்குரிய வருமானம். அது 12 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ பிரிவின் தள்ளுபடியில் வரி முழுவதும் நீங்கிவிடுகிறது. எனவே பிப்ரவரி வரை ஒரு ரூபாயும் பிடிக்கப்படவில்லை. மார்ச் மாதம் ஒரு பெரிய ஆர்டர் முடிந்த மகிழ்ச்சியில் முதலாளி 37,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுக்கிறார். மொத்தச் சம்பளம் 12,85,000, வரிக்குரிய வருமானம் 12,10,000 ஆகிறது. பட்டறையின் தாளில் எழுதியிருந்த சூத்திரம் 12 லட்சத்தைத் தாண்டினால் தள்ளுபடி இல்லை என்று மட்டும் அறிந்திருந்தது. அடுக்கு விகிதப்படி 61,500, அதற்கு 4 சதவீத மேல்வரி, ஆக 63,960 ரூபாயை ஒரே மாதச் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னது. வரம்பை ஒட்டிக் கொஞ்சம் மட்டும் தாண்டுபவர்களுக்குச் சட்டம் தரும் விளிம்பு நிவாரணத்தின்படி, 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு வருமானம் வந்ததோ அதைவிட வரி அதிகமாக இருக்கக் கூடாது. அதாவது வரி 10,000, மேல்வரியோடு 10,400. ஊக்கத்தொகை வாங்கிய மனிதர் கையிலிருந்து 53,560 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து, அது திரும்பி வரும் வரை அவர் காத்திருக்க வேண்டியிருக்கும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய காலம் அது என்பதை நினைத்துப் பார்த்தால் இதை வெறும் கணக்குப் பிழை என்று என்னால் கடந்து போக முடியவில்லை.

இ.எஸ்.ஐ.யிலும் எக்செல் இப்படித்தான் தடுக்கி விழுகிறது. சம்பள வரம்பு 21,000 ரூபாய் என்பதால், டிசம்பரில் ஒருவருக்குச் சம்பளம் 22,500 ஆக உயர்ந்ததும் அந்த மாதமே பிடித்தத்தை நிறுத்திவிடும்படி தாளை எழுதிவைத்திருப்பார்கள். பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது. காலத்தின் தொடக்கத்தில் திட்டத்துக்குள் இருந்தவருக்கு அதன் முடிவு வரை ஊழியர் பங்கு 0.75 சதவீதமும் நிறுவனப் பங்கு 3.25 சதவீதமும் தொடர வேண்டும். மார்ச் 31-ஆம் தேதிதான் அவரை விலக்கிவிட உரிய எல்லை. நடுவில் நிறுத்திவிட்டால், அவர் மனைவிக்கு மருத்துவமனைச் சேர்க்கை தேவைப்படும் நாளில் அதன் விளைவு தெரியும்.

மென்பொருளின் பலம் இங்கேதான் இருக்கிறது. கணக்கு மென்பொருளான டாலியின் சம்பளப் பகுதியாக இருந்தாலும், ஜோஹோ பேரோல், கிரேட்எச்ஆர் போன்ற இணையச் சேவைகளாக இருந்தாலும், வரி அடுக்குகள், விளிம்பு நிவாரணம், இ.எஸ்.ஐ. காலம் போன்ற விதிகளைப் பராமரிக்கும் பொறுப்பு அந்நிறுவனங்களுடையது. புதுப்பிப்பை நாம் ஏற்றிவிட்டால் போதும். ஏப்ரல் 2026 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், சம்பளத்தில் வரி பிடிக்கும் பிரிவு 192 என்பது 392 ஆகிறது. மதிப்பீட்டு ஆண்டு என்ற சொல்லே போய் வரி ஆண்டு வருகிறது. எக்செல் தாள் வைத்திருப்பவர் இவை ஒவ்வொன்றையும் தாமே தேடித் திருத்த வேண்டும். இவ்வாண்டு மென்பொருள் பக்கம் தராசு கூடுதலாகச் சாய்வதற்கு இதுவே எனக்குப் பெரிய காரணமாகத் தோன்றுகிறது.

டாலிக்கும் இணையச் சேவைகளுக்கும் இடையே ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். டாலியில் சம்பளம் நேராகக் கணக்குப் புத்தகத்தில் ஏறிவிடுவதால், ஆண்டு இறுதியில் சம்பளச் செலவும் படிவத்தின் மொத்தமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது எளிது. இணையச் சேவைகளில் ஊழியர் தம் கைப்பேசியிலேயே முதலீட்டு அறிவிப்பைப் பதிந்து, ரசீதுகளைப் படம்பிடித்து ஏற்றலாம். ஜனவரி வேலையை இது பாதி குறைத்துவிடுகிறது. பழைய, புதிய வரி முறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் வசதியும் பலவற்றில் உண்டு. ஆண்டுக்கு 14 லட்சம் வாங்கும் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் ஒருவர், வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், 80சி பிரிவில் காட்டும் சேமிப்பு ஒன்றரை லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000 என்று எல்லாம் இருப்பதால் பழைய முறைதான் தமக்கு லாபம் என்று பல ஆண்டுப் பழக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். பழைய முறையில் அவருக்கு வரி 1,11,800, புதிய முறையில் 81,900. திரையில் இரண்டையும் பார்த்த பிறகுதான் அவர் நம்பினார்.

எனினும் மென்பொருளுக்குச் சொல்லப்படாதது தெரியாது. செப்டம்பரில் சேர்ந்த விற்பனை மேலாளருக்கு இங்கே மாதம் 1,20,000 வீதம் ஏழு மாதங்களுக்கு 8,40,000. மென்பொருள் அதற்கு வரி எதுவுமில்லை என்று சரியாகவே கணக்கிடும். முந்தைய நிறுவனத்தில் அவர் ஐந்து மாதங்களில் வாங்கிய 5,50,000 ரூபாயைப் படிவம் 12பி-யில் எழுதிக் கொடுத்து, அதை நாம் ஏற்றியிருந்தால் கணக்கே வேறு: மொத்தம் 13,90,000, வரி 80,340. அவர் கொடுக்காவிட்டால் சட்டப்படி நிறுவனத்தின் மேல் தவறில்லை. ஆனாலும் ஜூலையில், முன்பு பிடித்தது போக மிச்ச வரியை வட்டியோடு மொத்தமாகக் கட்ட நேரும்போது, நிறுவனத்தில் ஒருவர்கூடத் தம்மிடம் கேட்கவில்லை என்றுதான் அவர் வருந்துவார். அவர் சொல்வது நியாயம்தான்.

தொழில் வரியில் இன்னொரு கவனம் தேவை. கர்நாடகத்தில் மாதந்தோறும் பிடிப்பதுபோல் அல்லாமல், தமிழ்நாட்டில் அது அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்புக்குச் செலுத்தப்படுவது. மென்பொருளில் மாநிலத்தை, ஊரைச் சரியாகக் குறிக்காமல் விட்டால் தொகையும் காலமும் பிசகும். பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டுமே இது வருமானத்திலிருந்து கழியும் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது வழி, ஆடிட்டர் அலுவலகம். வரித்துறையிலிருந்து அறிவிப்பு வந்தால் பதில் எழுதுவதற்கும், திருத்தப் படிவம் போடுவதற்கும், சலானில் பெருந்தலைப்பு (எந்த வகை வரி என்பதைக் குறிக்கும் குறியீடு) மாறிப் போய்விட்டால் சரிசெய்வதற்கும் இவர்களுக்கு இணையாக வேறு வழியில்லை. அனுபவம் என்பது இங்கே உண்மையிலேயே காசு பெறும். இருந்தும், முழுப் பொறுப்பையும் அவர்களிடம் விடும்போது நடப்பது என்ன? ஏப்ரல் கடைசியில் ஓர் எக்செல் தாள் வரும்; அதை நிரப்பி அனுப்பச் சொல்வார்கள். அதற்குள் மார்ச் சம்பளம் பட்டுவாடா ஆகி ஒரு மாதம் ஆகியிருக்கும். வீட்டு வாடகைப்படிக்கு (எச்.ஆர்.ஏ.) வரி விலக்குக் கேட்டவரின் ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது, வீட்டு உரிமையாளரின் பான் எண் வேண்டும் என்பது அப்போதுதான் தெரியவரும். குறைவாகப் பிடித்திருந்தால் இனிப் பிடிக்கச் சம்பளம் இல்லை. கூடுதலாகப் பிடித்திருந்தால் கட்டிய வரியைத் திருப்பிக் கொடுக்க நிறுவனத்தால் ஆகாது.

நான் கணக்குப் பார்த்த ஓரிடத்தில், வெளியே கொடுத்திருந்த அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஊழியரின் பான் எண்ணைத் தட்டச்சு செய்தவர் 3 என்ற இலக்கத்தை 8 என்று அடித்துவிட்டார். செல்லாத பான் எண் என்பதால் 20 சதவீத விகிதத்தில் பற்றாக்குறை கேட்டு நிறுவனத்தின் பெயருக்கு அறிவிப்பு வந்தது. அந்த ஊழியரின் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் பிடித்த வரி ஏறவே இல்லை. திருத்தப் படிவம் போட்டு அது சரியாவதற்குள் அவர் வீட்டுக் கடன் விண்ணப்பம் வங்கியில் தேங்கி நின்றது. பான் அட்டையின் நகலை ஒருமுறை கண்ணால் ஒப்பிட்டிருந்தால் தீர்ந்திருக்கும் வேலை. வரி பிடிப்பவருக்கு வரித்துறை தரும் டான் எண் நிறுவனத்தினுடையது, படிவத்தில் பொறுப்பாளர் என்று இருப்பது முதலாளியின் பெயர்; வேலையை வெளியே கொடுக்கலாம், இந்தப் பொறுப்பைக் கொடுக்க முடியாது.

ஆகவே என் தேர்வை வெளிப்படையாகவே சொல்கிறேன். பத்துப் பேருக்குள், வரிக்கு உட்படுபவர் ஓரிருவர் என்றால் எக்செல்லும் ஆர்.பி.யு.வும் போதும், ஆனால் ஜனவரியிலும் மார்ச் சம்பளத்துக்கு முன்பும் அந்த ஓரிருவரின் கணக்கை வருமான வரித் தளத்திலுள்ள வரிக் கணிப்பானில் தனியே போட்டுப் பார்த்துவிட வேண்டும். கணபதிப் பட்டறை போல இருபது பேரைத் தாண்டி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் வந்துவிட்ட இடத்தில், மாதச் சம்பளத்துக்கு மென்பொருள் அவசியம். ஆண்டின் கடைசிப் படிவத்தை மட்டும் தாக்கலுக்கு முன் ஆடிட்டர் பார்த்துக் கொடுக்கட்டும். கட்டணமும் அப்போது குறைவாகவே இருக்கும். முழுவதையும் ஆடிட்டரிடம் விடுவது, கணக்கெழுத ஆளே இல்லாத நிறுவனத்துக்கு மட்டும் பொருந்தும். அங்கும் ஊழியர்களிடம் சான்று கேட்கும் கடிதம் ஜனவரி முதல் வாரத்தில் வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பட்டறையில் இப்போது கணக்கெழுதும் பெண் பொங்கல் விடுமுறைக்கு முன்பே 22 பேருக்கும் ஒரு பக்கத் தாள் கொடுத்துவிடுகிறார். பான் எண், எந்த வரி முறை, இவ்வாண்டு வேறிடத்தில் வேலை பார்த்தீர்களா, வாடகை வீடா, வங்கிக் கடன் உண்டா என்று ஐந்து கேள்விகள். எழுதத் தயங்கும் மூத்த தொழிலாளர்களுக்கு, அவரே லேத் அருகில் நின்று கேட்டு எழுதிக்கொள்கிறார். அந்தத் தாள்கள் பிப்ரவரி 10-க்குள் மென்பொருளில் ஏறிவிடுவதால், மிச்ச வரி இருந்தால் பிப்ரவரி, மார்ச் என்று இரண்டு சம்பளங்களில் பிரித்துப் பிடிக்க இடம் கிடைக்கிறது. மே மாதத்தில் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போகும் கோப்போடு அந்த 22 தாள்களின் நகலும் சேர்ந்தே போகின்றன.