ராத்திரி கம்ப்யூட்டரை அணைப்பதா, ஓட விடுவதா?

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு டெஸ்க்டாப் பல மாதம் அணையாமலே ஓடியது. காலையில் மவுஸை அசைத்தால் போதும், விட்ட இடத்திலேயே எக்செல் நிற்கும். மாங்காய் மண்டிக்குக் கணக்கு எழுதுகிற அண்ணனுக்கு அது பெரிய வசதி.

செலவைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 60 வாட் இழுக்கிறது என்று வைத்தால், ராத்திரி 10 மணி நேரத்துக்கு 0.6 யூனிட். இரண்டு மாத பில்லில் 36 யூனிட். இலவச 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், யாரும் தொடாத பெட்டிக்கே போய்விடுகிறது. அணைக்காமல் தூங்க வைக்கிற ஸ்லீப்பில் சில வாட்தான். ஆனால் திறந்து வைத்த வேலையெல்லாம் ரேம் என்கிற தற்காலிக நினைவகத்தில் இருக்கும், கரண்ட் போனால் போச்சு. ஹைபர்னேட் கொடுத்தால் அதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைவதால் அந்தப் பயமில்லை.

எங்கள் பக்கம் கரண்ட்தான் விஷயமே. போன சித்திரையில் இடி மழை. ராத்திரி கரண்ட் பட்டென்று போய், வந்து, மறுபடி போனது. காலையில் இரண்டு கணக்கு ஃபைல்கள் திறக்கவே இல்லை. அண்ணன் பில் புத்தகத்தைப் பிரித்து வைத்து, ஒவ்வொரு வரியாக மறுபடி தட்டினார். அன்றிலிருந்து நான் அணைக்கிற கட்சி. மின்னல் அடித்தால் அணைப்பது மட்டும் போதாது, பிளக்கையும் லேன் வயரையும் உருவிவிடுங்கள்.

போட்டுப் போட்டு அணைத்தால் கெடும் என்பார்கள். நாளுக்கு ஒரு தடவை அணைத்தால் ஒன்றும் ஆகாது.

விண்டோஸில் சீக்கிரம் ஆன் ஆவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால், ஷட்டவுன் கொடுத்தாலும் கெர்னல், அதாவது விண்டோஸின் மையப் பகுதி, பழைய நிலையிலேயே திரும்ப வரும். மெஷின் மந்தமானால் ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்.