சாக்லேட் பார்: முதல் கடியை நம்பாதீர்கள்

எந்த பார் நல்ல பார் என்று கேட்டால் எல்லோரும் முதல் கடியை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஆனால் முதல் கடியில் எந்த பாரும் தோற்காது. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து நாக்கில் விழுந்தால் எதுவுமே நன்றாகத்தான் இருக்கும். பாதி பார் முடிந்த பிறகு கை தானாக அடுத்த கடிக்குப் போகிறதா, இல்லை மீதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டத் தோன்றுகிறதா என்பதுதான் என்னுடைய அளவுகோல். ஸ்னிக்கர்ஸ், மார்ஸ், ட்விக்ஸ், கிட்கேட், பவுண்டி, டாப்ளரோன் எல்லாவற்றையும் இப்படித்தான் பார்த்தேன்.

முதலில் ஒரு விஷயம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது குளிரோடு, ருசி பார்க்காதீர்கள். கோகோ வெண்ணெய் உருகுவது சுமார் 34 டிகிரியில், நம் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழே. அதனால்தான் சாக்லேட் கையில் கட்டியாக இருந்து வாயில் கரைகிறது. ஜில்லென்று இருந்தால் அது கரைய நேரமாகும், வாசனை மேலே வராது, இனிப்பும் குறைவாகத் தெரியும். ஒரு பார் குளிர்ந்திருக்கும்போது மட்டும் உங்களுக்குப் பிடிக்கிறது என்றால், அதில் சர்க்கரை உங்களுக்கு அதிகம் என்று பொருள். 20 டிகிரி வாக்கில் வைத்து, ஒரு பாருக்கும் அடுத்த பாருக்கும் நடுவே வெறும் தண்ணீர் குடித்து, மெதுவாகச் சாப்பிடுங்கள். மேலே வெள்ளையாகப் படலம் இருந்தால் பூஞ்சை என்று பயந்து தூக்கிப்போட வேண்டாம், பெரும்பாலும் அது வெப்பம் ஏறி இறங்கியதால் வெளியே வந்து உறைந்த கொழுப்புதான். சாப்பிடலாம், ஆனால் அந்த பாரை வைத்துப் போட்டி நடத்தக் கூடாது.

சரி, ஸ்னிக்கர்ஸும் மார்ஸும். இரண்டும் ஒரே நிறுவனத்தின் பிள்ளைகள், கட்டமைப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: கீழே நூகட், மேலே காரமல், சுற்றிலும் பால் சாக்லேட். நூகட் என்பது முட்டை வெள்ளைக்கரு போன்ற ஒன்றோடு காய்ச்சிய சர்க்கரைப் பாகைச் சேர்த்து நுரைக்க அடித்தது, அதாவது பாதி காற்று. 1932இல் ஃபாரஸ்ட் மார்ஸ் இங்கிலாந்தின் ஸ்லவ் நகரில் மார்ஸ் பாரைத் தொடங்கியபோது, அப்பா ஃபிராங்க் மார்ஸ் அமெரிக்காவில் 1923இல் கொண்டுவந்த மில்கி வே என்ற பாரைத்தான் அங்கிருப்பவர்களின் ருசிக்கு மாற்றிச் செய்தார். (ஐரோப்பாவில் மில்கி வே என்று விற்பது வேறு, அதில் காரமலே கிடையாது. மில்கி வே பற்றி யாரோடாவது சண்டை போடுவதற்கு முன் எந்த ஊர் மில்கி வே என்று கேட்டுக்கொள்ளுங்கள், பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.)

மார்ஸின் முதல் கடி அபாரம். மால்ட் (முளைகட்டிய பார்லி) வாசனை, இழுபடும் காரமல், எல்லாம் சரி. ஆனால் மூன்றாவது கடிக்குள் பிரச்சினை தெரிந்துவிடுகிறது: மெத்தைமேல் மெத்தை போட்டதுபோல மென்மைமேல் மென்மை, பல்லுக்கு வேலையே இல்லை. இனிப்பை எதிர்த்து நிற்க ஒன்றும் இல்லாததால் அது நாக்கில் அப்படியே தங்கி, பாதியிலேயே திகட்டிவிடுகிறது.

1930இல் வந்த ஸ்னிக்கர்ஸ் இதே இடத்தில்தான் தப்பிக்கிறது, காரணம் வறுத்த வேர்க்கடலை. கடலை வெறும் மொறுமொறுப்புக்காக மட்டும் அங்கே இல்லை, அதன் வறுவல் கசப்பும் கூடவே வரும் உப்பும் சேர்ந்து ஒவ்வொரு கடியிலும் இனிப்பை ஒரு தட்டு தட்டி உட்கார வைக்கின்றன. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள்: மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மென்றால் வெறும் இனிப்பும் உப்பும்தான் தெரியும், கையை எடுத்த நொடியில் வறுகடலை வாசனை குபீரென்று வரும். மார்ஸில் அந்த வித்தியாசம் எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை, அதில் பெரும் பகுதி வெறும் இனிப்பு என்பது அப்போதுதான் உறைத்தது. ஸ்னிக்கர்ஸிலும் குறை உண்டு. காரமலில் சிக்கிய கடலைத் துணுக்கு கடைவாய்ப் பல்லில் போய் உட்கார்ந்துகொள்ளும், கடலை பழசாகிச் சிக்கடித்துவிட்டால் மொத்த பாரும் போச்சு. அப்புறம் அதன் பெயர் மார்ஸ் குடும்பம் வளர்த்த குதிரையின் பெயராம், பிரிட்டனில் 1990 வரை அதை மாரத்தான் என்று விற்றார்கள். பெயர் மாறியதில் இன்னும் கோபமாக இருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ட்விக்ஸ், கிட்கேட் இரண்டையும் எல்லோரும் ஒரே தட்டில் வைக்கிறார்கள், இரண்டும் மொறுமொறு, இரண்டையும் பிரித்துப் பங்கு போடலாம் என்பதால். உள்ளே போனால் சம்பந்தமே இல்லை. ட்விக்ஸ் 1967இல் பிரிட்டனில் வந்தது, ஐரோப்பாவின் பல நாடுகளில் 1991 வரை ரைடர் என்ற பெயரில் இருந்தது. அதன் அடியில் இருப்பது கொழுப்பு நிறைந்த பிஸ்கட். மேலே ஈரமான காரமல் இருந்தும் அது ஏன் நமுத்துப்போவதில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? காரமலை நன்றாகக் காய்ச்சி நீரைச் சுண்ட வைத்துவிடுகிறார்கள், மிச்சமிருக்கும் கொஞ்ச ஈரத்தையும் பிஸ்கட்டின் கொழுப்பு எளிதில் உள்ளே விடாது. மெல்லும்போது பிஸ்கட் பொடிந்து காரமலோடு கலக்கும் அந்தக் கட்டம்தான் ட்விக்ஸின் உச்சம், அது கடைசிக் கடிவரை குறையாமல் வருகிறது. சாக்லேட் மட்டும் மெல்லிசு, அதைத் தனியாகச் சுரண்டிச் சாப்பிட்டால் ஒன்றும் விசேஷமில்லை.

கிட்கேட் வேறு குணம். 1935இல் யார்க் நகரின் ரவுன்ட்ரீ நிறுவனம் சாக்லேட் கிரிஸ்ப் என்று தொடங்கியது, கிட்கேட் என்ற பெயர் 1937இல் வந்தது. வேஃபர்களுக்கு நடுவே இருக்கும் பூச்சில், தயாரிப்பில் உடைந்துபோன கிட்கேட்களையே அரைத்துச் சேர்க்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல். கிட்கேட்டுக்குள்ளே கிட்கேட்! உள்ளே வேஃபரும் காற்றும் அதிகம் என்பதால் இது கடைசிவரை திகட்டவே திகட்டாது, என் அளவுகோல்படி பார்த்தால் இதுதான் முதலிடத்தில் இருக்க வேண்டும். ஆனால் திகட்டாமல் இருப்பது வேறு, ஞாபகத்தில் நிற்பது வேறு. நான்கு விரலையும் தின்று முடித்த பிறகு என்ன ருசித்தோம் என்று யோசித்தால் மொறுமொறுப்பு மட்டும்தான் நினைவில் இருக்கிறது. டார்க் சாக்லேட்டில் வரும் கிட்கேட் எவ்வளவோ தேவலாம். இன்னொன்று, அமெரிக்காவில் இதைத் தயாரிப்பது மற்ற நாடுகளில் தயாரிக்கும் நெஸ்லே இல்லை, ஹெர்ஷி நிறுவனம், அதனால் அங்கே சாப்பிட்டவர் சொல்வதும் மற்ற இடங்களில் சாப்பிட்டவர் சொல்வதும் ஒத்துப்போகாது.

பவுண்டி பற்றி நீட்ட வேண்டியதில்லை. தேங்காய் பிடித்தால் பிடிக்கும், இல்லாவிட்டால் எந்த வாதமும் எடுபடாது. வாங்கினால் டார்க் வகையை வாங்குங்கள். பால் சாக்லேட்டில் தேங்காயின் இனிப்பும் மேற்பூச்சின் இனிப்பும் ஒன்றாகிவிடுகின்றன. எந்த வகையானாலும் சாக்லேட் முதலில் கரைந்துபோய், தேங்காய்த் துருவல் மட்டும் சக்கையாக வாயில் மிஞ்சும்.

டாப்ளரோனை இந்தப் போட்டியில் சேர்த்ததே தப்பு என்று சிலர் சொல்லலாம். 1908இல் பெர்ன் நகரில் தியோடர் டாப்ளரும் எமில் பாவ்மனும் உருவாக்கிய இதில் அடுக்கு எதுவும் இல்லை, தேனும் பாதாமும் சேர்ந்த நூகட் துணுக்குகள் சாக்லேட்டுக்குள்ளேயே கலந்திருக்கின்றன. சாக்லேட்டாகப் பார்த்தால் இங்கே இருப்பவற்றில் இதுதான் ஒரு படி மேல். ஆனால் முனை மேலண்ணத்தில் குத்துகிறது, துணுக்கு பல்லில் ஒட்டுகிறது, ஒரு முக்கோணத்துக்கு மேல் எனக்குப் போவதில்லை. உடைக்க, முனையை வெளியே இழுக்காமல் பக்கத்து முக்கோணத்தை நோக்கி அழுத்துங்கள், சுலபமாக வரும்.

ஆக, என் வரிசையில் ஸ்னிக்கர்ஸ் முதலிடம், ஒரு மயிரிழையில் ட்விக்ஸ் இரண்டாவது, அடுத்து டார்க் கிட்கேட். மார்ஸ் கடைசி.

ஆனால் இதெல்லாம் முழு அளவு பாருக்கு மட்டும். ஒரே வாயில் போடும் மினி அளவில் வரிசை கலைந்துவிடுகிறது. அளவு சிறியதாகும்போது உள்ளே இருப்பதற்கு ஏற்ப மேற்பூச்சின் பங்கு கூடுகிறது, மினி ஸ்னிக்கர்ஸில் மாட்டும் கடலையும் கொஞ்சம்தான். மார்ஸ் மினியோ திகட்டுவதற்குள் முடிந்துவிடுகிறது. டப்பாவில் எல்லாம் கலந்து கிடந்தால் என் கை முதலில் தேடுவது அதைத்தான்.