பாந்தர் 6×6: தண்ணீர் லாரிக்குச் சிறுத்தைக் கால் முளைத்தால்

சென்னையில் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று தளும்பிக்கொண்டே தெருமுனை திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதே அளவு தண்ணீரோடு, 40 நொடிக்குள் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். பெரிய க்ராஷ் டெண்டர்களுக்கு, அதாவது விமான நிலையத் தீயணைப்பு வண்டிகளுக்கு, சர்வதேச விமான விதியே அதுதான். ஓடுபாதையின் எந்த மூலைக்கும் 3 நிமிடத்துக்குள், முடிந்தால் 2 நிமிடத்திலேயே போய் நிற்க வேண்டும்.

அப்படி ஒரு வண்டிதான் பாந்தர் 6×6, ஆறு சக்கரமும் எஞ்சினால் இயங்கும். அதைச் செய்வது ரோசன்பாவர், 1866ல் லின்ஸில் தொடங்கிய கம்பெனி. ஆலை இருப்பது ஆஸ்திரியாவில், லின்ஸை ஒட்டிய லியோண்டிங்கில். அந்தக் குட்டி நாட்டில் எத்தனை விமான நிலையம் இருந்துவிடப் போகிறது? அதனால் வெளிநாடுதான் சந்தை, நூறு நாடுகளுக்கு மேல் அனுப்புகிறார்கள், இந்திய விமான நிலையங்களிலும் நிற்கிறது. அமெரிக்காவுக்கு மட்டும் அங்கேயே வயோமிங்கில் கட்டுகிறார்கள் (ஊர் பெயர்தான் வயோமிங், இருப்பது மினசோட்டா மாநிலத்தில்).

ஒருமுறை ஏறி உட்கார்ந்து பார்த்தேன். ஓட்டுநர் இருக்கை நட்டநடுவில், முன்னால் முழுக்கக் கண்ணாடி, ஏதோ மீன் தொட்டிக்குள் இருப்பது போல. கூரையில் இருக்கும் மானிட்டரை (திரை இல்லை, தண்ணீர் பீய்ச்சும் பீரங்கி) ஜாய்ஸ்டிக்கால் திருப்பலாம். எனக்கு மிகவும் பிடித்தது, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பம்பும் ஓடும் என்பது, அதாவது எரியும் விமானத்தை நெருங்கும்போதே ஃபோம் (தீயணைக்கும் நுரை) அடித்துக்கொண்டு போகலாம், நின்று குழாய் மாட்டுகிற கதையே இல்லை. நிமிடத்துக்கு 6,000 லிட்டர் அடிக்கும் மானிட்டர் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டே நிமிடத்தில் 12,000 லிட்டர் தொட்டி காலி! அதற்குள் நெருப்பு அடங்கியாக வேண்டும். கூடுதல் காசுக்கு ஸ்டிங்கர் என்ற நீளக் கையும் உண்டு, விமானத்தின் உடம்பைக் குத்தித் துளைத்து உள்ளேயே பீய்ச்சும்.

குறை? அகலம் 3 மீட்டர், முழு எடை 39 டன் வரை போகும். ஊருக்குள் தீ என்றால் இதை அனுப்பவே முடியாது, சந்து முனையிலேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம், ஏடிஆர் மாதிரி சின்ன ப்ரொப்பெல்லர் விமானம் மட்டும் வந்துபோகிற சின்ன விமான நிலையத்துக்கு விதி கேட்பது 5,400 லிட்டர்தான். அங்கே இதை நிறுத்துவது வீண் ஆடம்பரம், இதே பாந்தரின் நாலு சக்கர 4×4 போதும்.