டிக்கெட் எந்தத் தேதிக்கு?

வாராவாரம் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டுதான் இருந்தேன். சின்ன வயதுக் கதைகளைப் பெயர் பிசகாமல் சொல்வார். இரண்டு வருடம் கழித்து மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போனால், இறங்கிய அன்று மாலைக்குள் "திரும்பிப் போற டிக்கெட் எந்தத் தேதிக்கு?" என்று ஐந்து தடவை கேட்டுவிட்டார். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலவே கேட்டார்.

பிரிய மனமில்லாமல் கேட்கிறார் என்றான் தம்பி. நானும் அப்படியே நம்பப் பார்த்தேன். மூன்றாம் நாள் அம்மாவின் வீட்டுக் கணக்கு நோட்டைப் புரட்டினேன். பழைய பக்கங்களில் ஒரு கூட்டல்கூடத் தப்பாது. கடைசி ஏழெட்டு மாதத்தில் ஒரே மின்கட்டணம் அடுத்தடுத்து மூன்று வரிகளில் இருந்தது. அடியில் மொத்தம் போடாமலே பக்கம் திருப்பப்பட்டிருந்தது. அங்கேதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

முதலில் பார்த்த டாக்டர், "எழுபத்திரண்டு வயசுல இதெல்லாம் சகஜம்" என்று சத்து மாத்திரை எழுதி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. ஒரு பெயர் சட்டென்று வராமல் அப்புறம் ஞாபகம் வருவது வயதால் வரும் மறதி. கேட்டதே மறந்துபோவதும், பல வருடம் தானே செய்துவந்த கணக்கு தடுமாறுவதும் அப்படியல்ல.

நினைவாற்றல் கிளினிக் ஒன்றை விசாரித்துப் பிடித்தோம். அங்கே ஒன்றரை மணி நேரம் கொடுத்தார்கள். எங்களைத் தனியே அழைத்தும் பேசினார்கள். நோயாளிக்குத் தன் மறதி தெரியாமலே இருக்கலாம் என்பதால் கூட இருப்பவர் சொல்வது முக்கியமாம். ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார்கள். அம்மா வட்டத்தை அழகாகப் போட்டார். எண்கள் எல்லாம் வலது பக்கமே நெருக்கியடித்து நின்றன. ஒரு முள் பதினொன்றைக் காட்டியது, மற்றொன்று இரண்டுக்குப் போகாமல் பத்தைக் காட்டியது.

உடனே அல்சைமர் (நினைவு மெல்ல மெல்ல அழியும் மூளை நோய்) என்று முத்திரை குத்திவிடவில்லை. பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் எல்லாமே இதே மாதிரி மறதியைத் தரும். அவற்றில் பல சரிசெய்யக்கூடியவை. ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ எல்லாம் முடிய இரண்டாவது வாரம் ஆகிவிட்டது. விடுப்பில் போகிறவர்கள் டாக்டரைப் பார்ப்பதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

ஸ்கேனில் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சுருங்கியிருந்தது. புது நினைவுகளைப் பதியவைக்கும் இடம் அது. அல்சைமர் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பழைய கதைகள் அப்படியே நிற்க, காலையில் நடந்தது மட்டும் நழுவுவது அதனால்தான் என்று டாக்டர் விளக்கினார். நான் போனில் கேட்டதெல்லாம் பழைய கதைகள்தானே!

டொனெபெசில் என்ற மருந்தை ஆரம்பித்திருக்கிறார்கள். அது நோயை நிறுத்தாது, அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தணிக்கலாம் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். சீக்கிரம் தெரிந்ததால் ஒரு பெரிய காரியம் நடந்தது. வங்கிக் கணக்கை யார் பார்ப்பது, பின்னால் யாரோடு இருப்பது என்பதையெல்லாம் அம்மாவே உட்கார்ந்து சொன்னார், நாங்கள் எழுதிக்கொண்டோம்.

ஆறு மாதம் கழித்து அடுத்த பரிசோதனை. அதுவரை ஞாயிறுதோறும் தம்பி அந்தக் கணக்கு நோட்டைப் படம் எடுத்து அனுப்புகிறான். போன வாரம் மொத்தம் போட்டிருந்தார். சரியாகவே இருந்தது.