புரோஸ்டேட்: இறுக்கம் பார்க்கும் ஸ்கேனா, எம்.ஆர்.ஐ.யா?

புரோஸ்டேட் சுரப்பிக்காக இரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு கூடி வந்துவிட்டால், ஊசியால் திசுவை எடுத்துச் சோதிக்கும் பயொப்சிக்கு முன் எந்தப் படம் எடுப்பது என்ற கேள்வி வரும். அப்பாவுக்கு டொக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, மலவாசல் வழியாக வைக்கும் அல்ட்ராசவுண்டிலேயே திசுவின் இறுக்கத்தையும் அளக்கும் எலாஸ்டோகிராபி. மற்றது எம்.ஆர்.ஐ. நாங்கள் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இதே கேள்வியோடு யாரும் வந்து நின்றால் இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

இறுக்க ஸ்கேனை நான் குறைத்துச் சொல்லவில்லை. டொக்டர் விரல் விட்டுத் தடவிப் பார்க்கும்போது தேடுவதும் அந்த இறுக்கத்தைத்தான். புற்றுநோய் வந்த இடத்தில் செல்கள் நெருங்கி, கொலாஜன் என்ற நார்ப்பொருளும் கூடி, திசு கெட்டியாகிவிடும். ஸ்கேனில் இதைப் பார்க்க இரண்டு முறைகள் உண்டு. பழைய முறையில் கருவியால் மெல்ல அமுக்கி, எந்த இடம் எவ்வளவு நசிகிறது என்று பார்ப்பார்கள். புதிய 'ஷியர் வேவ்' முறையில் கருவியே உள்ளே ஓர் அதிர்வை எழுப்பி, அது ஓடும் வேகத்தை அளக்கும். கெட்டியான இடத்தில் அதிர்வு வேகமாக ஓடும். அந்த வேகத்திலிருந்து இறுக்கத்தைக் கணக்கிட்டு, கிலோபாஸ்கலில் எண்ணாகத் தரும். ஈரலின் இறுக்கம் பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் செய்தவர்களுக்கு இந்த எண் பழக்கமானது.

இறுக்க ஸ்கேனுக்குச் செலவு குறைவு, நேரம் குறைவு, சத்தம் இல்லை, எம்.ஆர்.ஐ. போலக் கூண்டுக்குள் படுக்கத் தேவையில்லை. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நாள்பட்ட அழற்சியும், சுரப்பிக்குள் படிந்த சுண்ணாம்பும்கூட இறுக்கமாகத்தான் தெரியும். வயதில் வீங்கிய பெரிய சுரப்பியின் நடுப்பகுதியும் அப்படியே. முன்பக்கத்தில் ஆழமாக இருக்கும் கட்டியை அதிர்வு எட்டாமலும் போகலாம். ஷியர் வேவ் எடுக்கும்போது கருவியைச் சற்று அழுத்திப் பிடித்தாலே எண் ஏறிவிடும்.

என் முடிவுக்குக் காரணம் இந்தக் கடைசி விஷயம்தான். இறுக்க ஸ்கேனில் பாதி விடை, அந்த நேரத்தில் கருவியைப் பிடித்திருந்தவரின் கையில் இருக்கிறது. அப்பாவின் நண்பர் ஒருவருக்கு அந்த ஸ்கேன் எடுத்திருந்தார்கள். தாளை வாங்கிப் பார்த்தேன். இரண்டு படங்கள். ஒன்று சாதாரணச் சாம்பல் நிறத்தில், மற்றதில் அதே இடத்தின்மேல் நீலமும் சிவப்பும் பூசியபடி. ஓரத்தில் இருக்க வேண்டிய நிற அளவுகோல் அச்சில் வெட்டுப்பட்டிருந்தது. ஒரு கம்பனியின் கருவியில் சிவப்பு என்றால் இறுக்கம், இன்னொன்றில் நீலம்தான் இறுக்கம். அளவுகோல் இல்லாத அந்தத் தாளை வேறொரு டொக்டரிடம் காட்டி என்ன கேட்பது? அவர் பார்க்க வேண்டுமென்றால் மனுசனை மறுபடியும் படுக்க வைத்து முதலிலிருந்து செய்ய வேண்டும்.

எம்.ஆர்.ஐ. அப்படியில்லை. சுரப்பி முழுவதும் துண்டு துண்டாகப் பதிவாகிவிடும். எடுத்தவர் ஒருவர், வாசிப்பவர் இன்னொருவர், சந்தேகம் வந்தால் மூன்றாமவர். புற்றுநோய்ச் சந்தேகத்துக்குப் புள்ளி போடுவதற்கும் 'பை-ராட்ஸ்' என்று 1 முதல் 5 வரை, எண் கூடக்கூடச் சந்தேகம் கூடும் ஒரு பொது முறை இருக்கிறது. மட்டக்களப்பில் ஒருவர் 4 என்று எழுதினால், கொழும்பில் இருப்பவருக்கும் அது எந்த அளவு சந்தேகம் என்று தெரியும். எங்களைப் போல, மேல் சிகிச்சை என்றால் 300 கிலோமீட்டருக்கு மேல் தாண்டிக் கொழும்புக்கோ மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டியவர்களுக்கு இது பெரிய விஷயம். "இரவு பஸ்ஸில இருக்கேலாது மகன், சலம் அடக்க முடியல்ல" என்று அப்பா சொன்ன நாட்களில், அவரை வீட்டில் விட்டுவிட்டு நான் சீடியையும் கிளினிக் கொப்பியையும் மட்டும் கொண்டுபோயிருக்கிறேன். கொழும்பு டொக்டர் அதைத் தன் கணினியில் போட்டு, இடப்பக்க ஓரத்தில் இருந்த புள்ளியைப் பெரிதாக்கிக் காட்டினார். பிறகு பயொப்சி ஊசியை நேரே அந்த இடத்துக்கே விட்டார்கள்.

ஆய்வுகளும் இந்தப் பக்கம்தான் சாய்கின்றன. 2018இல் வெளிவந்த பிரிசிஷன் ஆய்வில் 500 ஆண்கள். எம்.ஆர்.ஐ. பார்த்துக் குறிவைத்து ஊசி விட்டதில் 38 சதவீதம் பேரிடம் சிகிச்சை தேவைப்படக்கூடிய புற்றுநோய் அகப்பட்டது. பொதுவாக எல்லா இடத்திலும் ஊசி விட்டதில் 26 சதவீதம்தான். 2022இல் பிரித்தானியாவில் வந்த கேட்மஸ் ஆய்வு எங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. எலாஸ்டோகிராபி, இரத்த ஓட்டம் பார்க்கும் டொப்ளர் எல்லாம் சேர்த்த அல்ட்ராசவுண்டையும் எம்.ஆர்.ஐ.யையும் ஒரே ஆட்களில் செய்து பார்த்தார்கள். முக்கியமான புற்றுநோய்களில் அல்ட்ராசவுண்ட் 4.3 சதவீதம் குறைவாகக் கண்டுபிடித்தது, பயொப்சிக்கு அனுப்பியதோ கூடுதல் பேரை. வித்தியாசம் மலையளவு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாத இடத்தில் இப்படி எல்லாம் சேர்த்த அல்ட்ராசவுண்ட் ஒரு மாற்று என்றுதான் அந்த ஆய்வாளர்களும் சொல்கிறார்கள்.

சிலருக்கு அதுதான் சரியும்கூட. பழைய பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கூண்டுக்குள் படுக்கவே முடியாதவர்கள் என்றால் யோசிக்காமல் அதற்குப் போகலாம். சிறுநீரகம் பழுதானவர்கள், முக்கியமாகச் சிறுநீரக நோய் கூடிய தெஹியத்தகண்டிப் பக்கத்தவர்கள், எம்.ஆர்.ஐ.க்கு நிறமருந்து ஏற்றுமுன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியட்டினின் இரத்தச் சோதனையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்து ஏற்றாமல் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யும் இருக்கிறது.

நான் கிட்ட இருந்து பார்த்தது அப்பாவின் விஷயத்தையும் அந்த நண்பரின் தாளையும்தான். நல்ல கைப்பழக்கம் உள்ள ஒருவர் இறுக்க ஸ்கேன் செய்தால் என் எண்ணம் கொஞ்சம் மாறலாம். எதை எடுத்தாலும், புற்றுநோய் என்று உறுதி சொல்வது பயொப்சிதான்.

எம்.ஆர்.ஐ. என்று முடிவெடுத்தால் பயொப்சிக்கு முன்னரே எடுத்துவிடுங்கள். ஊசி பட்ட இடத்தில் இரத்தம் கசிந்திருந்தால் படம் குழம்பும், பிறகு சில கிழமை காத்திருக்கச் சொல்வார்கள். பிலிமும் ரிப்போர்ட்டும் மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், முழுப் படங்களும் உள்ள சீடியைக் கேட்டு வாங்கி, வீட்டில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.